நடுக்கடலில் தத்தளிக்கும் அகதிகள்: படம் போட்டுப் பேசுகிறவர்களுக்கான கேள்வி பதில்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் தடைக்காலத்தில் காசிமேட்டில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். ஓட்டுநர்களும் தொழிலாளிகளும் சாயங்காலம் கரையில்தான் இருப்பார்கள். கடலில் தவிக்கும் அகதிகளைப் பற்றிய படங்களைப் போட்டு, கடலை அறிந்தவர்களோடு உட்கார்ந்து பேச அதைவிட நல்ல சமயம் கிடையாது. காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் அப்படிச் செய்ய நினைப்பவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

எந்தப் படங்களில் தொடங்கலாம்?

மூன்று போதும். முதலில் ஸ்டிக்ஸ், 2018இல் வந்த ஜெர்மன் - ஆஸ்திரியப் படம், இயக்கியவர் வொல்ஃப்காங் ஃபிஷர். அடுத்து டெர்ராஃபெர்மா, 2011இல் வந்த இத்தாலியப் படம், எமானுவேலே கிரியாலேசே இயக்கியது, வெனிஸ் விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசு பெற்றது. மூன்றாவது, ஜான்ஃபிராங்கோ ரோசியின் ஃபுவோக்கோமாரே. அகதிப் படகுகள் வந்து சேரும் இத்தாலியின் லாம்பெடூசா தீவில் எடுத்த ஆவணப்படமான இதற்கு 2016இல் பெர்லினில் தங்கக் கரடி கிடைத்தது. நாலாவதாக ஒன்று வேண்டுமென்றால் மத்தேயோ கரோனேயின் இயோ கபிதானோ (2023) இருக்கிறது. அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

இந்த வரிசையை மாற்றாமல் இருப்பது நல்லது. ஸ்டிக்ஸில் பேச்சு மிகக் குறைவு. காற்று, பாய், கயிறு, ரேடியோ, அவ்வளவுதான். எழுத்து வாசிக்கச் சிரமப்படுகிறவர்களும் கூடவே வருவார்கள். ஃபுவோக்கோமாரே பொறுமை கேட்கும் படம். முதல் நாளே போட்டால் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள்.

ஸ்டிக்ஸில் வரும் தர்மசங்கடம் என்ன?

ஜெர்மனியில் அவசர சிகிச்சை மருத்துவராக இருக்கும் ஒரு பெண் ஜிப்ரால்டரிலிருந்து அட்லாண்டிக் கடலிலுள்ள அசென்ஷன் தீவுக்குத் தனியாகப் பாய்மரப் படகில் போகிறார். ஒரு புயல் கழிந்த காலையில், கொஞ்ச தூரத்தில் ஒரு பழைய மீன்பிடிப் படகு தெரிகிறது. எஞ்சின் நின்று, தண்ணீர் ஏறி, ஆட்கள் நிரம்பி வழிகிறது. கடலோரக் காவல் படைக்கு ரேடியோவில் சொல்கிறார். உதவி வருகிறது, நீங்கள் கிட்டே போகாதீர்கள் என்று பதில் வருகிறது. மணிக்கணக்கில் யாரும் வருவதில்லை. வழியில் போகும் ஒரு சரக்குக் கப்பலும் கம்பெனி விதியைக் காரணம் காட்டி ஒதுங்கிவிடுகிறது. இதற்கிடையில் ஒரு பையன் நீந்தி அவருடைய படகுக்கு வந்து சேர்கிறான்.

உயிரைக் காப்பதே தொழிலான ஒருவர், எல்லாரையும் தன்னால் ஏற்ற முடியாது என்று தெரிந்தே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது. முடிவை இங்கே சொல்லவில்லை. போடுகிறவரும் முன்கூட்டிச் சொல்லக் கூடாது.

"கிட்டே போகாதே" என்பது கல்நெஞ்சம் இல்லையா?

படம் பார்க்கிற பெரும்பாலானவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால் அந்தக் கட்டளையில் பாதி உண்மை இருக்கிறது. அதைப் புரியவைக்காமல் விவாதத்தை ஆரம்பித்தால் பேச்சு வெறும் ஆவேசமாகவே முடியும்.

நிரம்பி வழியும் படகில் இருப்பவர்கள் உதவியைக் கண்டதும் எல்லாரும் ஒரே பக்கம் வந்து நிற்பார்கள். அந்த ஒரு அசைவு போதும், படகு கவிழ. 2015 ஏப்ரல் 18 இரவு லிபியாவுக்கு வடக்கே இதுதான் நடந்தது. உதவிக்கு வந்த கிங் ஜேக்கப் என்ற சரக்குக் கப்பலின் மேல் அகதிப் படகு மோதிக் கவிழ்ந்தது. உள்ளே நூற்றுக்கணக்கானவர்கள் அடைபட்டிருந்தார்கள். பிழைத்தவர்கள் 28 பேர். மூழ்கிய அந்தப் படகைப் பிறகு தூக்கி எடுத்து, 2019இல் வெனிஸ் கலைக் கண்காட்சியில் நிறுத்தினார்கள்.

ஆகவே தள்ளி நிற்பது சரி. தள்ளி நின்று எதுவும் செய்யாமலிருப்பது சரியில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் செய்ய நிறைய வேலை இருக்கிறது. படங்கள் அதை அதிகம் காட்டுவதில்லை.

அந்த வேலை என்ன? நம் படகு அப்படி ஒன்றைக் கண்டால்?

முதலில் தகவல். வி.எச்.எஃப் ரேடியோவில் 16ஆம் சேனல், அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸ். "மேடே ரிலே" (வேறொருவரின் உயிராபத்தைத் தெரிவிக்கும் அவசர அழைப்பு) என்று மூன்று முறை சொல்லி, உங்கள் படகின் பெயர், ஜி.பி.எஸ் காட்டும் அட்சரேகை தீர்க்கரேகை, எத்தனை பேர் இருக்கலாம் என்ற உத்தேசம், படகு மிதக்கிறதா மூழ்குகிறதா, குழந்தைகள் உண்டா, உங்களால் என்ன செய்ய முடியும் என்று இந்த வரிசையில் சொல்ல வேண்டும். "ரிலே" என்ற சொல்லை விட்டுவிட்டால் ஆபத்தில் இருப்பது நீங்கள்தான் என்று எடுத்துக்கொள்வார்கள். செல்போன் எட்டுகிற தூரமென்றால் கடலோரக் காவல் படையின் 1554, தமிழ்நாடு கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093. இந்தியாவில் கடல் மீட்பை ஒருங்கிணைக்கும் மூன்று மையங்களில் ஒன்று சென்னையிலேயே இருக்கிறது. மற்றவை மும்பை, போர்ட் பிளேர். கையில் பிடிக்கும் 5 வாட் ரேடியோ படகுக்குப் படகு சில மைல்தான் எட்டும் என்பதால் பக்கத்துப் படகுகளைக் கூப்பிட்டுச் செய்தியைக் கை மாற்றச் சொல்லுங்கள்.

அடுத்து, ஒரு 50 முதல் 100 மீட்டர் தள்ளி நின்று, கையைக் காட்டி உட்காரச் சொல்லுங்கள். மொழி புரியாவிட்டாலும் உட்காருங்கள் என்ற சைகை எல்லாருக்கும் புரியும். எழுந்து நிற்பவர்கள் உட்காரும்வரை பக்கத்தில் போகக் கூடாது.

பிறகு மிதவை. ஆள் ஏற்றுவதற்கு முன்பே மிதக்கும் பொருள் போய்ச் சேர வேண்டும். லைஃப் ஜாக்கெட் எத்தனை இருக்கும்? உங்கள் ஆட்களுக்கு மட்டும்தான். ஆனால் தண்ணீர், டீசல் கொண்டுபோகும் காலி கேன் இருக்கும். மூடி இறுக்கிய 20 லிட்டர் காலி கேன் ஏறக்குறைய 20 கிலோ எடையைத் தாங்கும். தண்ணீரில் கிடக்கும் ஒருவரின் தலை மேலே நிற்க அதில் பாதிகூட வேண்டாம். ஒரு கேனைப் பிடித்து இரண்டு பேர் தாராளமாக மிதக்கலாம். வலை மிதவைகளையும் தெர்மாகோல் துண்டுகளையும் கயிற்றில் கோத்து, காற்று அவர்கள் பக்கம் கொண்டுபோகிற மாதிரி விடுங்கள். மூடி தளர்ந்த கேன் பத்து நிமிஷத்தில் நிரம்பிவிடும். பதற்றத்தில் அடிக்கடி நடக்கிற தவறு அது.

ஏற்றத்தான் வேண்டும் என்றால் பக்கவாட்டில் அணையாதீர்கள். முன்பக்கத்தையோ பின்பக்கத்தையோ கொடுத்து, ஒரே ஒரு இடத்தில், ஒவ்வொருவராக. தண்ணீரில் விழுந்தவரை நெருங்கும்போது காற்றுக்கு எதிர்முகமாக மெதுவாக வந்து, எஞ்சினை நியூட்ரலில் போட்டுவிடுங்கள். சுழலி சுற்றும்போது பக்கத்தில் ஆள் இருப்பதைப் போலவே, மிதக்கும் துணியும் கயிறும் சுழலியில் சுற்றிக்கொள்வதும் ஆபத்து. அப்புறம் மீட்க வந்த படகையே யாராவது மீட்க வேண்டும். நெடுநேரம் தண்ணீரில் கிடந்தவரை நெட்டுக்குத்தாகக் கையைப் பிடித்து இழுத்தால் ரத்த அழுத்தம் திடீரென இறங்கி நினைவு தப்பும். முடிந்தவரை படுக்கைவாட்டில் தூக்குங்கள். வலையை மடித்துப் படகோரத்தில் தொங்கவிட்டு உருட்டி ஏற்றலாம். கால் சிக்காத அளவு மடிப்பு கெட்டியாக இருக்க வேண்டும்.

ஏறியவர்களுக்குத் தண்ணீரை மடக்கு மடக்காகக் கொடுங்கள். உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இருந்தால் அதில் எழுதியிருக்கும் அளவு நீரில் கரைத்துக் கொடுங்கள். நாட்கணக்கில் பட்டினி கிடந்தவருக்குச் சோற்றை அள்ளிப் போடக் கூடாது. இன்னொன்று பலருக்குத் தெரியாது: படகடியில் சிந்திய பெட்ரோல் உப்புத் தண்ணீரோடு கலந்து தோலைப் புண்ணாக்கும். நடுவில் உட்காரவைக்கப்படும் பெண்களுக்குத்தான் இது அதிகம். நனைந்த துணியைக் களைந்து, நல்ல தண்ணீரால் கழுவி, வேறு துணி கொடுக்க வேண்டும். இரண்டு கைலியும் ஒரு போர்வையும் படகில் இருந்தால் அந்த நேரத்தில் அதைவிடப் பெரிய மருந்து இல்லை.

ஒரு ஃபைபர் படகில் எத்தனை பேரை ஏற்றலாம்? ஒரு டன் மீன் ஏற்றுகிறோமே?

மீன் கணக்கு இங்கே செல்லாது. மீன் அடியில் படுத்துக் கிடக்கும். எடை கீழே இருப்பதால் படகு உறுதியாக நிற்கும். மனிதர் உட்கார்ந்தாலே எடை மேலேறுகிறது, எழுந்தால் இன்னும் ஏறுகிறது. அதற்கு மேல், மனிதர் நகர்வார். பத்துப் பேர் என்பது 600 கிலோதான், ஆனால் அந்த 600 கிலோ ஒரு பக்கம் சாய்ந்தால் அதே படகு தாங்காது. அடியில் தண்ணீர் தேங்கியிருந்தால் அதுவும் சாய்கிற பக்கமே ஓடிச் சேரும்.

படகுக்குப் படகு, அலைக்கு அலை கணக்கு மாறும் என்பதால் ஒரு எண்ணை எழுதி வைப்பது தவறு. ஓட்டுநருக்கு அது உடம்பிலேயே தெரியும்: திருப்பும்போது படகு நிமிர நேரம் எடுத்தால் அதோடு நிறுத்த வேண்டும். மீதிப் பேருக்கு மிதவையும் கயிறும் கொடுத்து, பார்வையை விட்டு அகலாமல் பக்கத்திலேயே நிற்பதும் மீட்புதான். ஸ்டிக்ஸ் பார்த்துவிட்டு "அவள் இன்னும் பத்துப் பேரை ஏற்றியிருக்கலாமே" என்று யாராவது நிச்சயம் கேட்பார்கள். அப்போது இந்தப் பதிலை ஓர் ஓட்டுநரே சொல்லட்டும்.

காப்பாற்றுவது சட்டப்படி கடமையா, கருணையா?

கடமை. ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் (1982) 98ஆம் பிரிவு, தன் கப்பலுக்கும் ஆட்களுக்கும் பெரும் ஆபத்து வராத அளவில், கடலில் உயிருக்குத் தவிக்கும் எவருக்கும் உதவக் கப்பல் தலைவரைக் கட்டாயப்படுத்துமாறு ஒவ்வொரு நாட்டையும் கேட்கிறது. இந்தியா 1995இல் அதை ஏற்றது. "எவருக்கும்" என்ற சொல் முக்கியம். எந்த நாடு, கையில் கடவுச்சீட்டு உண்டா, ஏன் கிளம்பினார்கள் என்பதெல்லாம் மீட்பில் வராத கேள்விகள்.

ஓட்டை எங்கே என்றால், காப்பாற்றியவர்களை எங்கே இறக்குவது என்பதில். 2001 ஆகஸ்டில் டாம்பா என்ற நார்வே சரக்குக் கப்பல் இந்தியப் பெருங்கடலில் 433 பேரைக் காப்பாற்றியது. அதில் வேலை செய்தவர்கள் 27 பேர்தான். ஆஸ்திரேலியா கரையேற்ற மறுத்துப் படையை அனுப்பியது. அந்த அவமானத்துக்குப் பிறகுதான் 2004இல் விதிகளைத் திருத்தி, மீட்கப்பட்டவர்களைப் பாதுகாப்பான இடத்தில் சேர்க்க நாடுகள் ஒத்துழைக்க வேண்டும் என்று எழுதினார்கள். 2006 ஜூலை 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. எந்த நாடு ஏற்க வேண்டும் என்று மட்டும் இன்றும் அதில் திட்டவட்டமாக இல்லை.

அப்படியென்றால் காப்பாற்றிய மீனவர் மேல் எப்படி வழக்கு வருகிறது?

டெர்ராஃபெர்மாவின் கதையே இதுதான். சிசிலிக்குத் தெற்கே ஒரு சின்னத் தீவு. எர்னெஸ்டோ என்ற கிழவர், தண்ணீரில் குதித்து நீந்திவரும் அகதிகளைத் தன் படகில் ஏற்றுகிறார். கடலில் ஆளை விட்டுவிட்டு வரக் கூடாது என்பது அவர் அறிந்த சட்டம். கரையில் போலீஸ் அவர் படகைப் பறிமுதல் செய்கிறது. காப்பாற்றப்பட்ட கர்ப்பிணியாக நடித்திருப்பவர் நிஜத்திலேயே அந்தக் கடலைக் கடந்து பிழைத்தவர்.

கற்பனை என்று தள்ளிவிட முடியாது. 2007 ஆகஸ்டில் துனிசியா மீனவர்கள் ஏழு பேர் 44 அகதிகளைக் காப்பாற்றி லாம்பெடூசாவுக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே அவர்களைக் கைது செய்தார்கள். 2009இல் ஐந்து பேர் விடுதலையானார்கள். படகுத் தலைவர்கள் இருவருக்கும் தண்டனை கிடைத்தது, 2011இல் மேல்முறையீட்டில்தான் அதுவும் ரத்தானது. நாலு வருஷம். தொழிலை நம்பி வாழ்கிற குடும்பத்துக்கு நாலு வருஷம் என்றால் என்ன என்று காசிமேட்டில் யாருக்கும் விளக்க வேண்டாம்.

ஆட்களைக் கள்ளத்தனமாக எல்லை தாண்டிக் கொண்டுவருவது பற்றிய 2000ஆம் ஆண்டு ஐ.நா. நெறிமுறை, பணம் அல்லது வேறு ஆதாயத்துக்காக அழைத்து வருவதைத்தான் குற்றம் என்கிறது. மீட்பவர் அதில் வர மாட்டார். ஆனாலும் தற்காப்புக்காக, கண்ட நேரம், இடம், யாரிடம் ரேடியோவில் பேசினீர்கள், அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதை அப்போதே குறித்து வையுங்கள். செல்போனில் ஒரு நிமிஷ வீடியோ எடுத்தாலும் போதும். யாரிடமும் ஒரு ரூபாய் வாங்கக் கூடாது. நன்றிக்காக நீட்டினாலும் கூடாது. எங்கே இறக்குவது என்பதைக் கடலோரக் காவல் படை சொல்லட்டும். நீங்களாக ஆள் இல்லாத கரையில் இறக்கினால் அது சந்தேகத்துக்கு இடம் கொடுக்கும்.

டீசலும் போச்சு, மீன்பாடும் போச்சு. நஷ்டத்தை யார் தருவார்கள்?

நேர்மையான கேள்வி, கூட்டத்தில் இதைக் கேட்பவரை முகம் சுளித்து அடக்கிவிடாதீர்கள். கடலில் பொருளைக் காப்பாற்றினால் வெகுமதி உண்டு, உயிரைக் காப்பாற்றியதற்காக அந்த மனிதரிடம் எதுவும் கேட்க முடியாது. 1989ஆம் ஆண்டு மீட்பு உடன்படிக்கை அப்படித்தான் சொல்கிறது. பெரிய கப்பல்களுக்கு வழிமாறிய செலவை ஈடுகட்டக் காப்பீடு இருக்கும். அப்படியிருந்தும் ஸ்டிக்ஸில் அந்தச் சரக்குக் கப்பல் ஒதுங்கிப் போகிறது. ஈடு எதுவும் இல்லாத மீனவர்தான் உலகம் முழுக்க முதலில் நிற்கிறார்.

1986 ஆகஸ்டில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக்கு அப்பால், மூடுபனியில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 ஈழத்தமிழர்கள் மிதந்துகொண்டிருந்தார்கள். அவர்களைக் கண்டு ஏற்றியவர் கஸ் டால்டன் என்ற மீனவர். 2020 ஜூனில் இந்தோனேசியாவின் ஆச்சே கரையில், அதிகாரிகள் தயங்கி நின்றபோது ஊர் மக்களே ஏறத்தாழ நூறு ரோஹிங்கியாக்களைக் கரைக்கு இழுத்துச் சேர்த்தார்கள். ஆச்சே மீனவர்களுக்கு பங்லிமா லாவோட் என்ற தலைமையின் கீழ் வழிவழியாக வரும் கடல் கட்டுப்பாடு இருக்கிறது. தத்தளிப்பவரைக் காப்பது அதில் ஒன்று. நம் குப்பத்துப் பஞ்சாயத்தைப் போலத்தான்.

துடுப்பால் அடிக்கும் காட்சியைப் போடலாமா?

போடத்தான் வேண்டும். டெர்ராஃபெர்மாவில் கிழவரின் பேரன் ஃபிலிப்போ, ஒரு இரவு சுற்றுலா வந்த பெண்ணோடு சின்னப் படகில் போகும்போது, இருட்டிலிருந்து நீந்திவரும் கைகள் படகைப் பிடிக்கின்றன. அவன் பயந்து துடுப்பால் அந்தக் கைகளை அடித்துவிட்டுத் தப்புகிறான். தாத்தாவுக்கு நடந்ததைப் பார்த்தவன். பறிமுதல் பயம் அவன் கையில் இறங்கிவிட்டது. நல்லவன் ஒருவனைக் கரையின் சட்டம் எப்படி மாற்றுகிறது என்பதை இவ்வளவு கூர்மையாகக் காட்டிய காட்சி வேறு இல்லை. எங்கள் கருத்தில் இந்தப் படங்கள் எல்லாம் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கின்றன: கடலில் என்ன செய்வது என்று கடலோடிக்குத் தெரியும், அவன் கையைத் தடுப்பது கரை.

இந்தியாவில் நிலைமை என்ன?

இந்தியா 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. உள்துறை அமைச்சகக் கணக்குப்படி 1983 ஜூலை முதல் 2012 ஆகஸ்ட் வரை 3,04,269 இலங்கை அகதிகள் வந்தார்கள். 2022 மார்ச் 22 அன்று, பொருளாதார நெருக்கடியிலிருந்து தப்பி 16 பேர் வந்தார்கள். அதில் ஆறு பேரைத் தனுஷ்கோடி அரிச்சல்முனைக்கு அப்பாலுள்ள மணல் தீடையிலிருந்து கடலோரக் காவல் படை மீட்டது. 2021 பிப்ரவரியிலோ, அந்தமான் கடலில் எஞ்சின் பழுதாகி மிதந்த ரோஹிங்கியா படகில் 81 பேர் உயிரோடும் 8 பேர் பிணமாகவும் கிடந்தார்கள். இந்தியக் கப்பல்கள் உணவும் மருந்தும் கொடுத்தன, கரையேற்றவில்லை. டாம்பாவில் எழுந்த அதே கேள்வி, நம் கடலில்.

வட சென்னைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

புழல் காவாங்கரையிலும் கும்மிடிப்பூண்டியிலும் ஈழத்தமிழர் முகாம்கள் இருக்கின்றன. பாரிமுனை பர்மா பஜாரும் மணலி சடையங்குப்பம் பர்மா நகரும் கடல் தாண்டித் திரும்பியவர்களின் பெயரைச் சுமக்கின்றன. இதற்கு மேல் சம்பந்தம் தேட வேண்டாம்.

தமிழ்ப் படம் ஒன்றும் இல்லையா?

கன்னத்தில் முத்தமிட்டால் (2002) ராமேசுவரம் முகாமைக் காட்டுகிறது. பிரெஞ்சு இயக்குநர் ஜாக் ஓதியாரின் தீபன் (2015, கான் விழாவில் தங்கப் பனை) பெரும்பகுதி தமிழிலேயே பேசுகிறது. எழுத்தாளர் ஷோபாசக்தி நாயகன். இரண்டும் கரையேறிய பின் உள்ள வாழ்க்கை. காப்பாற்றுகிறவரின் இக்கட்டை, படகு ஓட்டுகிறவரின் கண்ணிலிருந்து சொன்ன படம் தமிழில் வர வேண்டும். அதற்கான கதைகள் பாக் நீரிணைக் கரை முழுக்கக் கிடக்கின்றன.

இயோ கபிதானோவை ஏன் கடைசியில் வைக்கிறீர்கள்?

பதினாறு வயது செனகல் பையனை, படகோட்டத் தெரியாதவனை, 250 பேர் கொண்ட படகுக்கு ஓட்டுநர் ஆக்கிவிடுகிறார்கள் கடத்தல்காரர்கள். கரையில் சட்டம் ஓட்டியவனைத்தான் பிடிக்கும். முதல் மூன்று படங்களும் அகதிப் படகுக்கு வெளியிலிருந்து பார்ப்பவை, இது படகுக்குள்ளிருந்து. லிபியா சித்திரவதைக் காட்சிகள் கடுமையானவை. பதினைந்து வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு வேண்டாம்.

கடற்கரையில் படம் போட என்னென்ன வேண்டும்?

ஏழரை மணிக்கு முன் தொடங்காதீர்கள். வெளிச்சம் அடங்காமல் இந்தப் படங்களின் இரவுக் காட்சிகள் தெரியாது. பத்து அடி திரைக்கு 3,000 லூமென்ஸுக்குக் குறையாத புரொஜெக்டர். திரையின் அடி விளிம்பு தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் இருக்கட்டும், இல்லையென்றால் முன்வரிசைத் தலைகள் கீழே ஓடும் எழுத்தை மறைக்கும். சாயங்காலக் கடல்காற்று திரையைப் பாய் மாதிரி இழுக்கும். நாலு மூலையோடு பக்கத்துக்கு இரண்டு கட்டும் போட்டு, காற்று வரும் திசைக்கு முதுகு காட்டாமல் பக்கவாட்டாக நிறுத்துங்கள். ஜெனரேட்டரை முப்பது மீட்டர் தள்ளி, காற்றின் கீழ்ப்பக்கம் வையுங்கள். வீட்டுச் சந்தாவில் ஓடும் படத்தைப் பொதுவில் போட உரிமை கிடையாது. உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

எழுத்து ஆங்கிலத்தில்தான் இருக்கும். வசனத்தை முன்பே தமிழாக்கி, ஒருவர் மைக்கில் தாழ்ந்த குரலில் வாசிக்கட்டும். நடிக்க வேண்டாம், வாசித்தால் போதும்.

விவாதத்தை எப்படி நடத்துவது?

ஸ்டிக்ஸை ஒரே ஒரு இடத்தில் நிறுத்துங்கள்: "கிட்டே போகாதே" என்று ரேடியோ சொன்னதும். விளக்கைப் போடாமல், "நீங்களாக இருந்தால் அடுத்த பத்து நிமிஷத்தில் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். சரியா தப்பா என்று கேட்டால் பிரசங்கம் வரும்; என்ன செய்வீர்கள் என்று கேட்டால் கயிறு, கேன், காற்று என்று பேச்சு வரும். முதலில் ஓட்டுநர்கள், பிறகு பெண்கள், கடைசியில் வெளியிலிருந்து வந்த எங்களைப் போன்றவர்கள். மீன் விற்கிற அம்மாக்களை "கடலுக்குப் போகாதவர்கள்தானே" என்று விட்டுவிடாதீர்கள். படகு பறிமுதலானால் வீட்டில் அடுப்பெரிவதைக் கணக்குப் பார்ப்பவர்கள் அவர்கள்தான்.

முகாம்களில் இருப்பவர்களை மேடையேற்றிப் பேசவைக்கலாமா?

அழையுங்கள், பார்வையாளராக. படகில் வந்த கதையைச் சொல்லுங்கள் என்று கேட்காதீர்கள். கடலில் பிள்ளையை இழந்தவர் அந்தக் கூட்டத்தில் இருக்கலாம். நம்மூரிலும் சுனாமியில் ஆளைப் பறிகொடுத்த வீடுகள் உண்டு. அவர்களுக்கும் படத்தில் என்ன வரும் என்று முன்பே சொல்லிவிட வேண்டும். இடையில் எழுந்து போக வசதியாக ஓரத்தில் நாற்காலிகள் போடுங்கள். அவர்களாகப் பேச வந்தால் மைக்கைக் கொடுத்துவிட்டு நேரம் பார்க்காதீர்கள். படம் எடுக்க வேண்டாம், பெயர் குறிக்க வேண்டாம்.

கூட்டம் முடிந்து போகிறவர்கள் கையில் எதைக் கொடுத்தனுப்பலாம்?

படகு அறைக்குள் ஒட்டக்கூடிய, தண்ணீர் படாத ஒரு அட்டை. மேலே 16ஆம் சேனல், 1554, 1093. கீழே ஆறு வரி: தகவல் சொல், தள்ளி நில், உட்காரச் சொல், மிதவை விடு, ஒவ்வொருவராக ஏற்று, நேரம் குறி. எழுத்து கட்டைவிரல் அளவு பெரிதாக இருக்கட்டும். இரவில் டார்ச் வெளிச்சத்தில் படிக்க வேண்டியிருக்கும்.